அறுத்த விட்டம்

மரவீட்டைப் பாகம் பிரித்தபோது தையலக்கா வாசல்பக்கத்தைக் கேட்டு வாங்கினாள். தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் தெருவிலிருந்தே ஏறி வரலாம். கொல்லைப்பக்கம் தம்பிக்கு.

அந்த வீட்டில் தாத்தா கட்டியது கீழே இரண்டு அறைதான்: தூண் நட்டு, பலகை அடித்த சுவர். பிள்ளைகள் பெருகியதும் அப்பா மாடி எடுத்தார். அதைத் தாங்க வாசல் முதல் கொல்லை வரை மூன்று விட்டங்கள், ஒவ்வொன்றும் ஒட்டுப்போடாத ஒரே மரம். வருகிறவர்களிடமெல்லாம் தட்டிக் காட்டிப் பெருமைப்படுவார்.

கரையானுக்கு வாக்கப்பட முடியாது, என் பாதியை இடித்துக் காங்கிரீட்டில் கட்டப்போகிறேன் என்றான் தம்பி. பார்க்க வந்த ஆசாரி, நடுவில் புதுத்தூண் நிறுத்திவிட்டுத்தான் விட்டத்தில் ரம்பம் வைக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார். தம்பி தலையை ஆட்டினான்.

ஒருநாள் தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வந்தவள், பின்பக்கம் வானம் தெரிவதைப் பார்த்தாள். மூன்று விட்டங்களும் அறுபட்டு நின்றன. தூண் ஒன்றுகூட இல்லை.

"ஆசாரி அடுத்த வாரம் வந்து நிறுத்துவாருக்கா. இத்தனை வருஷம் நின்ன வீடு, ஒரு வாரம் நிக்காதா?"

"முழுசா நின்னுச்சுடா," என்றாள்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல்கள் இறுகின. மாடிப்படி சுவரை விட்டு விலகி, கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டது. மழை விட்டு வந்த ஆசாரி வாசல் தூண்களின் அடியைக் குத்திப் பார்த்தார். உளி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. இதுவரை பின்பாதிதான் இழுத்துப் பிடித்திருந்ததாம்.

"இப்ப தூண் குடுத்து வீட்டைத் தூக்கினா மொத்தமா உக்காந்துடும்மா. நீங்க வெளிய வந்துடுங்க."

தம்பி அவள் முகத்தைப் பார்க்காமல் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அவனே ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தான். அவன் புது வீட்டுக்குத் தோண்டிய அஸ்திவாரக் குழி நிறையத் தண்ணீர். திட்டித் தீர்த்துவிடலாம் என்றுதான் பின்னால் போனாள். மெஷினின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

மிச்ச வீடு தெருவில் சாய்ந்துவிடுமென்று அக்கம்பக்கத்தார் பயந்ததால் கயிறு கட்டி இழுத்தார்கள். ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

அந்த ஒண்டுக்குடித்தனத்து நடையில் மெஷினுக்கு இடம் ஒதுக்கினாள் தம்பி மனைவி. வாடிக்கைக்காரர்கள் விசாரித்துக்கொண்டு அங்கேயும் வந்தார்கள். தன் வாசல் இல்லாத இடத்தில் மெஷினை மிதிக்க மனமில்லாமல் தையலக்கா சுவரோரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். யார் துணியை நீட்டினாலும், கையில் வேலை நிறைய இருக்கிறது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.