கை இல்லாத நாற்காலி

பழைய மரச்சாமான் கடைக்குள் நுழைந்த வேகத்திலேயே என் நாத்தனார் அவற்றைக் கண்டுபிடித்துவிட்டார். சுவரோரம் வரிசையாக ஆறு பழைய நாற்காலிகள். கை இல்லாதவை, முதுகு நிமிர்ந்தவை, உட்காரும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சை மெத்தை. அவர் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எது வரிசையாக நின்றாலும் அவருக்கு மனம் நிறைந்துவிடும்.

"டேய், இதுதான்டா நான் தேடினது" என்றார் தம்பியிடம்.

அந்தத் தம்பி என் கணவர். அக்கா வாயை மூடுவதற்குள் தலையாட்டிவிட்டார்.

நான் அங்கே நாற்காலி பார்க்கப் போகவில்லை, ஒரு வார்த்தை சொல்லப் போயிருந்தேன். எங்கள் வீட்டு முன்னறையில்தான் நான் துணி தைத்துக் கொடுக்கிறேன். பெரிய ஜன்னல், நாள் முழுக்க நல்ல வெளிச்சம். அந்த அறையை நாத்தனார் விருந்தாளிகளுக்கு என்று தீர்மானித்துவிட்டார். என் மெஷின் மாடிப்படிக்குக் கீழே போகவேண்டுமாம். அங்கே நடுப்பகலில்கூட ஊசியில் நூல் கோர்க்க முடியாது. நாற்காலி வீட்டுக்கு வந்துவிட்டால் அறை போனது போனதுதான். அதனால் வாங்குவதற்கு முன்பே, "அண்ணி, அந்த ரூமை நான் தர முடியாது" என்று சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தேன்.

நாத்தனார் எங்களோடு வந்து இருக்கட்டும் என்று முதலில் சொன்னது நான்தான். இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்ட கதை இது என்று பிறகு பல்லைக் கடித்தேன். ஆனால் தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர். எங்கள் வீட்டில் அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் வேறு எந்த நியாயமும் எடுபடாது.

கடைக்காரர் பின்னாலேயே வந்து சொல்லிக்கொண்டிருந்தார். "சிவப்பு நாடா கட்டியிருந்தா அதுல மட்டும் உட்காராதீங்க. உட்காருற பிரம்புத் தட்டைப் புதுசாப் பின்னுறதுக்குக் கழற்றிக் கொடுத்திருக்கேன். பார்க்க அசிங்கமா இருக்கேன்னு மேல மெத்தை போட்டு வச்சிருக்கேன், உள்ள வெறும் ஓட்டை."

இதை நான் மட்டும்தான் காதில் வாங்கினேன். நாத்தனார் நாற்காலியின் காலைத் தட்டிப் பார்ப்பதிலும், நடுவில் நிற்பதைப் படம் எடுப்பதிலும் மும்முரமாக இருந்தார்.

"நீ போய் அதுல உட்காரு" என்றார் என்னிடம். "ஆள் உட்கார்ந்தா எப்படி இருக்குன்னு தள்ளி நின்னு பார்க்கணும்."

நான் போய் நாடா இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தேன். இல்லை. உட்கார்ந்துகொண்டே பேச்சை ஆரம்பித்துவிடலாம், உட்கார்ந்து பேசினால் குரல் நடுங்காது என்றுகூட நினைத்தேன்.

"அண்ணி, அந்த ரூம்..." என்றபடி உட்கார்ந்தேன்.

மெத்தை என்னோடு சேர்ந்து கீழே போனது. இடுப்பு சட்டத்துக்குள் இறங்கி நின்றது. முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டன, பாதம் தரையில் படவில்லை. ஆப்பைப் பிடுங்கிய குரங்குக்கு வால் மட்டும்தான் மாட்டியது. நான் முழுசாக மாட்டிக்கொண்டேன்.

என் கணவர் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்து இழுத்தார். நாற்காலியும் என்னோடு எழுந்தது. கடைக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, இவர் என்னை இழுக்க, சட்டம் இடுப்பெலும்பில் இறங்கி உயிர் போனது. கத்திவிட்டேன். விட்டுவிட்டார்கள். கை வைத்த நாற்காலியாக இருந்தால் ஊன்றியாவது எழ முயன்றிருக்கலாம். இதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.

"நாடா கட்டியிருந்தேனே!" என்றார் கடைக்காரர்.

நாத்தனாரின் விரலில் சிவப்பு நாடா சுற்றியிருந்தது. "போட்டோல நல்லா இல்லைன்னு அவிழ்த்தேன்" என்றார். முகம் ஒரு கணம் வாடியது. அடுத்த கணம் தலைமையாசிரியை திரும்பி வந்துவிட்டார். "மெத்தை போட்டிருக்கறதைப் பார்த்தா யாருக்குத் தெரியும்? சரி, இப்ப என்ன செய்யணும்?"

தச்சர் சாப்பிடப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றார் கடைக்காரர். என்னைச் சுவர்ப் பக்கமாக, மற்ற ஐந்து நாற்காலிகளோடு நகர்த்தி வைத்தார்கள். ஆமாம், நகர்த்தி வைத்தார்கள். வழியில் இருந்தால் மற்றவர்கள் இடித்துக்கொள்வார்களாம்.

அவமானத்தில் காது சுட்டது. ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள், என்னைப் பார்த்தார்கள், அலமாரி பார்க்கப் போய்விட்டார்கள். நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

நாத்தனார் தள்ளி நின்று பார்த்தார். "சுவரோட பார்த்தா எடுப்பாத்தான் இருக்கு. முன்னறையில ஜன்னலுக்கு இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு. மெஷினை நாளைக்கே எடுத்துரலாம், என்னடா?"

"எடுத்துரலாம்க்கா."

"என்னங்க" என்றேன்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ. தச்சர் வந்துருவார்."

நான் கேட்டது தச்சரைப் பற்றி இல்லை. ஆனால் தாடை முழங்காலில் இடிக்கும்போது ஒரு மனுஷி எவ்வளவு கம்பீரமாகப் பேச முடியும்? திரும்பவும், "அண்ணி, அந்த ரூம்..." என்று ஆரம்பித்தேன். "பேசாதே, பேசினா மூச்சு முட்டும்" என்றார் அவர், நிஜமான அக்கறையோடு. அதுதான் அவரோடு பெரிய கஷ்டம். கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம்.

கால் மரத்துக்கொண்டு வந்தது. கண்ணெதிரே என் அறையை என் தலைக்கு மேலே இரண்டு பேர் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள். திரை என்ன நிறம், நடுவில் மேஜை வேண்டுமா என்றெல்லாம் பேசினார்கள். அழுகை வந்தது. அழுதால் வலியில் அழுகிறேன் என்பார்கள் என்று அடக்கினேன்.

தச்சர் வந்து குனிந்து சுற்றிலும் பார்த்தார். "ரெண்டு வழி இருக்கு. வெந்நீர் ஊத்தி ஊத்திப் பழைய பசையை இளக்கிச் சட்டத்தோட மூட்டுகளைக் கழற்றலாம். நாற்காலிக்குச் சேதம் இல்லை. ஆனா சாயங்காலம் ஆயிரும். இல்லைன்னா முன்சட்டத்தை அறுத்தா உடனே வெளியே வந்துரலாம்."

"அறுத்தா சேர்த்து ஒட்ட முடியாதா?" என்றார் நாத்தனார்.

"ஒட்டலாம். தழும்பு தெரியும். மத்த அஞ்சோட சேராது."

நாத்தனார் ஐந்தையும் பார்த்தார், ஆறாவதில் இருந்த என்னையும் பார்த்தார். "சாயங்காலம் வரைக்கும் பொறுத்தா என்ன? சும்மா உட்கார்ந்திருக்கிறதுதானே."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் அக்காவைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், கடைசியில் என்னிடம் வந்தார். "கொஞ்சம் பொறுத்துக்கோயேன்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து கேட்ட வார்த்தைதான். ஆனால் ஓட்டைக்குள் மாட்டிக்கொண்டு அதைக் கேட்பது வேறு.

"அறுங்க" என்றேன்.

தச்சர் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் நாத்தனாரைப் பார்த்தார். "வாங்குறவங்க சொல்லணும்மா. அறுத்தா அது அவங்க பொறுப்பு."

"வாங்குறது நான்தான். இதுல உட்கார்ந்திருக்கிறதும் நான்தானே? இந்த ஒண்ணு மட்டும் எனக்குப் போதும். அறுங்க."

என் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று எனக்கே தெரியாது. அலமாரி பார்த்துக்கொண்டிருந்த தம்பதி திரும்பிப் பார்த்தார்கள்.

ரம்பம் என் முழங்காலுக்குக் கீழே நறநறவென்று ஓடியது. தச்சர் சட்டத்தை விரித்ததும் தரையில் சரிந்தேன். எழ முடியவில்லை. இரண்டு காலும் என்னுடையவையாகவே இல்லை. அப்போது யாரோ என் பாதத்தை எடுத்து மடியில் வைத்துத் தேய்த்தார்கள். நாத்தனார்தான். அந்த வயதில் மரத்தூள் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"நாடாவை நான் அவிழ்த்திருக்கக் கூடாது" என்றார், தலையைத் தூக்காமல். மறு பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அந்த ரூம்ல வெளிச்சம் நல்லா வருதேன்னுதான் ஆசைப்பட்டேன்."

"எனக்கும் அதுக்குத்தான் வேணும் அண்ணி. அதைத்தான் காலையிலிருந்து சொல்ல வந்தேன்."

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குப் புறப்படும்போது, மீதி ஐந்தை என்ன செய்வது என்று கேட்ட கடைக்காரரிடம், "வேண்டாம், வைக்க இடமில்லை" என்றார்.

நாற்காலி இப்போது முன்னறையில் என் மெஷினுக்கு முன்னால் இருக்கிறது. முன்சட்டத்தில் தழும்பு, ஓட்டையின் மேல் தச்சர் அடித்துக் கொடுத்த பலகை. உட்காரும் முன் ஒவ்வொரு முறையும் கையால் அழுத்திப் பார்க்கிறேன், அந்தப் பயம் இன்னும் போகவில்லை. நேற்று என் கணவர் வாசற்படியில் வந்து நின்று, தைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் எங்க உட்காரட்டும்?" என்றார்.

"இங்க ஒரு நாற்காலிதான் இருக்கு" என்றேன். "கொஞ்சம் பொறுத்துக்கோங்க."