லாஸ்டன் வாத்தியார் பார்த்த மீன்கள்

லாஸ்டன் வாத்தியாரின் கல்லறைக்குக் கல் நாட்டி, ஜெபம் முடித்து, வந்த சனத்துக்கெல்லாம் ஆட்டுக்கறி போட்டு அனுப்பிய மறுநாள், அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் சண்டைக்கு உட்கார்ந்தார்கள். சொத்துச் சண்டை என்றால் ஊருக்குப் புரிந்திருக்கும். இது எந்தத் தீவுக்குப் போய்த் தண்ணீரில் முகத்தைக் கவிழ்த்து மீன் பார்ப்பது என்கிற சண்டை. பிளான்டயர் நகரத்தில் இப்படியும் சில வீடுகள் உண்டு.

மூத்தவன் யாமிகானி ஜோகன்னஸ்பர்க்கில் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் நல்ல வேலையில் இருக்கிறான். இளையவள் எலூபி லிலோங்வேயில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். இரண்டு பேரும் நாற்பதைத் தாண்டியவர்கள். அப்பா போனதிலிருந்து இத்தனை மாதமாக அம்மா வீட்டோடு வீடாக முடங்கிவிட்டாள், டிசம்பர் விடுமுறைக்கு எல்லோருமாக அவளை எங்காவது அழைத்துப் போகவேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே மனசு. அதோடு அந்த ஒரே மனசு முடிந்துபோனது.

"ஸான்சிபார்தான், எலூபி. கடல், பவளப்பாறை, ஆமை. போட்டோவைக் காட்டினதுலேர்ந்து என் பசங்க கட்டில்ல குதிச்சு நீச்சல் பழகுதுங்க."

"உப்புத் தண்ணி. கண்ணு எரியும். நம்ம லிகோமாத் தீவுல ஏரித் தண்ணிய அப்படியே அள்ளிக் குடிக்கலாம். அந்த ஏரியில இல்லாத மீனா அங்க இருக்கு? ஜோபர்க் போனதும் அண்ணனுக்கு ஏரி குட்டையாத் தெரியுது."

"குட்டைன்னு நான் சொன்னேனா? கப்பல்ல ராத்திரி பூரா கோழிக்கூடை பக்கத்துல படுத்துட்டுப் போனோமே, மறந்துட்டியா? ஒரு கோழி மேலேயே நீ வாந்தி எடுத்த."

"அந்தக் கோழியே ஒண்ணும் சொல்லலை. நீதான் இத்தனை வருஷமா சொல்லிட்டிருக்க."

இவர்களைப் பெற்ற ஃபெலிஸ்டா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, நேற்று மிஞ்சிய மண்டாசிப் பணியாரத்தைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். இத்தனை பேச்சும் அவளுக்காகத்தான். அவளைத்தான் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அம்மா வசதியப் பாரு," என்றான் யாமிகானி. "அங்க ஓட்டல் வாசல்லயே கரை. சாய்வு நாற்காலி, மேல பெரிய குடை. அம்மா ஜம்முனு உக்காந்து நம்மள வேடிக்கை பாக்கலாம்."

"லிகோமாவுலயும் இப்ப நாற்காலியெல்லாம் வந்தாச்சு. அம்மாவுக்கு மாமரத்து நிழலே போதும்."

ஆக, அம்மாவுக்கு நாற்காலி என்பதில் அண்ணனுக்கும் தங்கைக்கும் பேதமே இல்லை. எந்த ஊர் நாற்காலி என்பதுதான் பாக்கி.

யாமிகானி விரல் மடக்கினான். "தண்ணிக்குள்ள பாக்கற கண்ணாடியும் மூச்சுக்குழாயும் நான் அங்கேயே வாங்கிடறேன். நான், உன் அண்ணி நோம்சா, பசங்க ரெண்டு. நீ, உன் வீட்டுக்காரர், உன் பொண்ணு. ஏழு."

ஃபெலிஸ்டாவுக்குச் சுருக்கென்றது. வாயிலிருந்த மண்டாசியை ஒரு வாய்த் தேநீரோடு உள்ளே தள்ளினாள்.

பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது வீட்டில் ஒரே ஒரு கண்ணாடிதான். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது, கொண்டுபோக மனமில்லாத சாமான்களோடு அதையும் லாஸ்டன் தலையில் கட்டிவிட்டுப் போனார். வருஷா வருஷம் பள்ளி விடுமுறையில் அந்தக் கண்ணாடியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு லிகோமாவுக்குக் கப்பலேறுவார்கள். அங்கே மிஷனில் லாஸ்டனின் கூட்டாளி ஒருவர் இருந்தார். அவர் வீட்டுப் பின்கட்டில் ஜாகை. பகலில் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் கண்ணாடிக்கு அடித்துக்கொள்வார்கள். சாயங்காலம் அப்பாவின் மீன் கதை நடக்கும். விடியற்காலையில் அப்பா தனியாகப் போய் ஆழத்தில் மூழ்கிப் பார்த்துவிட்டு வந்த கதை.

உண்மை என்னவென்றால், லாஸ்டன் வாத்தியார் வாழ்நாளில் கணுக்காலுக்கு மேல் ஏரியில் இறங்கியவர் இல்லை. டெட்ஸா மலைக்காரர். தண்ணீரைக் கண்டாலே அவருக்கு முதலை ஞாபகம் வந்துவிடும். மூழ்கியவள் ஃபெலிஸ்டா. அவள் ஏரிக்கரையில் பிறந்து நடக்கும் முன்பே நீந்தியவள்.

ஆனால் அந்தக் காலம் வேறு. பெண்பிள்ளை முழங்கால் தெரிய வெளியே வந்தால் சட்டமே பிடிக்கும். சட்டம் விட்டாலும் சபை விடாது; லாஸ்டன் அந்தச் சபையில் மூப்பர். சபை மூப்பரின் பெண்டாட்டி துணி மேலேற ஏரியில் குப்புறக் கிடந்தாள் என்று ஒரு வாய் சொன்னால், லாஸ்டன் பள்ளிக்கூடத்திலும் நிற்கமுடியாது, கோயிலிலும் நிற்கமுடியாது. அதனால் விடியும் முன்பே இருவரும் கரைக்குப் போவார்கள். கிழக்கு வெளுத்ததும் அவள் இறங்குவாள். அவர் அவளுடைய சித்தென்ஜே துணியைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு, கண்கொத்திப் பாம்பாகப் பாதையைக் காவல் காப்பார். அவள் மேலே வந்ததும் துணியைச் சுற்றிவிட்டு, "என்ன பாத்த, சொல்லு, சொல்லு" என்று நச்சரிப்பார். அவள் நடுங்கிக்கொண்டே பார்த்ததைச் சொல்வாள். அதைத்தான் அவர் சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொன்னார். அம்மா என்று சொன்னால் பிள்ளைகள் வெளியே உளறிவிடும். அதனால் அப்பா பார்த்ததாக ஆனது.

கதை நடக்கும்போது ஃபெலிஸ்டா பக்கத்திலேயே இருக்கமாட்டாள். இருந்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். பின்பக்கம் அடுப்படிக்குப் போய் ன்சிமாக் களி கிண்டுவாள். பிள்ளைகளின் சிரிப்பு மட்டும் காதில் விழும். அந்தச் சிரிப்புக்குச் சொந்தக்காரி தான்தான் என்று அவளுக்கு அப்போது கர்வமாகக்கூட இருந்தது. பிறகு பிள்ளைகள் படிக்கப் போனார்கள், லிகோமா நின்றது. சட்டம் மாறியது. பொய் மட்டும் மாறாமல் வீட்டில் நிலைத்துவிட்டது.

இப்போது அவளுக்கு அறுபத்தேழு. ஒரு கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது. மூட்டு தினமும் ஒரு வம்பு வளர்க்கிறது. இன்னும் ஒரே ஒரு தடவை அந்தத் தண்ணீருக்குள் முகம் வைத்துவிடவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். பசிபோல அந்த ஆசை உள்ளே கிடந்து பிராண்டியது. வாயைத் திறந்து கேட்டால், கல் நாட்டிய மறுநாளே புருஷனைப் பிள்ளைகள் முன்னால் புளுகன் ஆக்கவேண்டும். திறக்காவிட்டால் நாற்காலி.

"ஏன் லிகோமான்னு பிடிவாதம் பிடிக்கிறேன் தெரியுமா?" என்றாள் எலூபி. "அப்பா பாத்ததை எல்லாம் நானும் பாக்கணும். பாறைக்குப் பாறை நின்னு காணிக்கை வசூல் பண்ற டீக்கன் மீன். பிரம்போட வர்ற ஹெட்மாஸ்டர் மீன். அங்க போனா அப்பா கூட இருக்கிற மாதிரி இருக்கும்."

"அதனாலதான் நான் வேண்டாங்கறேன்," என்றான் யாமிகானி. இவ்வளவு நேரம் விளையாட்டாகப் பேசியவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் போய்ப் பாத்தா அங்க வெறும் மீன்தான் இருக்கும். டீக்கனும் இருக்கமாட்டார், ஹெட்மாஸ்டரும் இருக்கமாட்டார். அப்பா இல்லங்கறதை அங்க போய் இன்னொரு தரம் தெரிஞ்சுக்கணுமா?"

ஃபெலிஸ்டா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எட்டு," என்றாள்.

"என்னம்மா எட்டு?"

"கண்ணாடி. எட்டு வாங்கு."

"எட்டாவது யாருக்கு? பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூப்பிட்டிருக்கீங்களா?"

"எனக்குடா."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். "அம்மா, உங்களுக்கு நீச்சல்..." என்று எலூபி இழுத்தாள்.

"எனக்குத் தெரியும். உங்கப்பாவுக்குத்தான் தெரியாது."

சிரிப்பு நின்றது. வாயைக் கொடுத்தாகிவிட்டது, இனி நிறுத்தி என்ன என்று ஃபெலிஸ்டா ஒரே மூச்சில் கொட்டினாள். விடியற்காலை, சித்தென்ஜே, மூப்பர், முழங்கால், காவல், எல்லாவற்றையும். சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

எலூபிக்குத்தான் முதலில் கோபம் வந்தது. "அப்ப அப்பா எங்ககிட்ட சொன்னதெல்லாம் புளுகு?"

"புளுகு இல்லடி. நான் பாத்தேன், அவர் சொன்னார்."

"அம்மா, நீங்க குளியல்தொட்டி வாங்கவே பயந்தவங்கன்னு அப்பா சொல்வாரே!"

"அதுவும் அவர்தான். தொட்டிக்குப் பயந்தது அவர்."

யாமிகானிக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. இன்ஷூரன்ஸ் பணம் கேட்டு வருகிறவர்களைக் குறுக்கு விசாரணை செய்வதுதான் அவன் தொழில். "சரி, வாய்க்குள்ள குஞ்சுங்களை வச்சுக்கிற மீன். அதையும் நீங்கதான் பாத்தீங்களா?"

"ஆமா."

"சொல்லுங்க பாக்கலாம்."

ஃபெலிஸ்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் காத்திருந்த சந்தர்ப்பம். "ஒரு மீனு. பழுப்பா இருந்துச்சு. சுத்திக் குஞ்சுங்க. நான் கிட்டப் போனேனா, அது வாயத் திறந்துச்சு. குஞ்செல்லாம் உள்ள போயிடுச்சு. வாய மூடிக்கிட்டுப் போயிடுச்சு."

பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எனக்கு மூச்சு முட்டுச்சு. மேல வந்துட்டேன்."

யாமிகானி சோபாவில் சரிந்து சிரித்தான். எலூபிக்கும் கோபத்தை இழுத்துப் பிடிக்க முடியவில்லை. "அம்மா! இதை அப்பா அரைமணி நேரம் சொல்வாரும்மா!"

"அவர் வாத்தியாரு. எனக்கு அதெல்லாம் வராது," என்று ஃபெலிஸ்டாவும் சிரித்தாள். மனசிலிருந்த பாரம் இறங்கிவிட்டது. தன் பங்கைத் தான் எடுத்துக்கொண்டதில் அவருடைய பங்கு குறைந்துவிடவில்லை. குறையாதது மட்டுமல்ல, அவளைவிடப் பெரிய பங்கு அவருடையதுதான் என்று அவளே பிள்ளைகள் முன்னால் ஒப்புக்கொண்டதாயிற்று.

"அதெல்லாம் சரி, முக்கியமானதையே விட்டுட்டீங்க," என்றான் யாமிகானி. "அந்த வெளிய நின்ன குஞ்சு."

"எந்தக் குஞ்சு?"

"எல்லாம் உள்ள போனப்புறம் ஒண்ணு மட்டும் வெளியவே நின்னுடுமே. அதுக்கு இன்னும் பேரே வைக்கலை. அம்மா மீன் வாய மூடிக்கிட்டுப் போயிடும். அப்பா மீன் தள்ளி நின்னு பாத்துட்டே இருக்கும். ஆம்பள மீனுக்குக் குஞ்சைத் தூக்கற வழக்கம் இல்லையாம். கிட்டப் போகவும் முடியாது, விட்டுட்டுப் போகவும் முடியாது. சுத்திச் சுத்தி வரும்."

"மத்ததையெல்லாம் வருஷத்துக்கு வருஷம் மாத்துவார்," என்றாள் எலூபி. "அதை மட்டும் மாத்தவே மாட்டார். நான் அழுவேன். அந்தக் குஞ்சு என்னாச்சுப்பான்னு கேப்பேன். அப்பா மீன் இன்னும் அங்கதான் சுத்திட்டிருக்கும்மா, தூங்குன்னு சொல்வார்."

"அப்படி ஒண்ணும் நிக்கலையே," என்றாள் ஃபெலிஸ்டா. "நான்தானே பாத்தேன். எல்லாமே உள்ள போச்சு. ஒண்ணுகூட வெளிய..."

இன்னும் பேரே வைக்கலை என்று யாமிகானி சொன்னது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

யாமிகானிக்கு முன்னால், ஸோம்பாவில் இருந்தபோது, ஒரு பெண் குழந்தை பிறந்து இரண்டே நாளில் போய்விட்டது. பேர் வைக்குமுன் போகிற குழந்தையைப் பெண்கள்தான் எடுத்துப்போய்ப் புதைப்பார்கள். ஆண்கள் கூடப் போவதில்லை. வாய்விட்டு அழுவதும் வழக்கமில்லை. லாஸ்டன் வீட்டு மூலையில் நின்றார். பெண்கள் திரும்பி வந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கணக்கு வகுப்பு எடுக்கப் போய்விட்டார். அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, அந்தக் குழந்தையைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. ஃபெலிஸ்டா அதை மன்னிக்கவே இல்லை. நல்ல மனுஷன்தான், ஆனால் இதில் கல் நெஞ்சு என்று அவர் சாகும்வரை மனசுக்குள் ஒரு குறை வைத்திருந்தாள். நேற்று அந்தக் கல்லின் மேல் பூ வைக்கும்போதுகூட அந்தக் குறை இருந்தது.

அவள் அடுப்படியில் ன்சிமா கிண்டிய சாயங்காலங்களிலெல்லாம் அவர் முன்பக்கம் உட்கார்ந்து அந்தக் குழந்தையைத்தான் பேசியிருக்கிறார். பிள்ளைகள் கேட்டார்கள். அவள் கேட்கவில்லை.

"அம்மா? ஏம்மா அழறீங்க?" எலூபி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "வேணாம்மா. நாற்காலியெல்லாம் வேணாம். நீங்களும் இறங்கலாம்."

"லிகோமாவுக்கே போவோம்," என்றாள் ஃபெலிஸ்டா. துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்தது. "அந்தக் குஞ்சை நான் பாக்கணும்."

"அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னு நீங்கதானே இப்ப சொன்னீங்க?" என்றான் யாமிகானி.

"எனக்குத் தெரியலடா. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு."

யாமிகானி ஒன்றும் புரியாமல் தங்கையைப் பார்த்தான். ஃபெலிஸ்டா அவனையும் கையைப் பிடித்து இழுத்து இந்தப் பக்கம் உட்கார வைத்தாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் மூத்தவ ஒருத்தி இருந்தா," என்று ஆரம்பித்தாள்.