ஆறு போல்ட்டும் ஒரு துளையும்

"பிப்ரவரி 5, புதன். இன்று ஒரு சிறு தவறு. மூன்றாவது பிஸ்டனை இறக்கும்போது, வளையங்களின் வெட்டு வாய்கள் ஒரே நேர்கோட்டில் இருந்ததைக் கவனிக்கவில்லை. வெளியே எடுத்துத் திருப்பி வைத்தேன். அரை மணி நேரம் வீண்."

நோட்டில் அவன் எழுதியது இவ்வளவுதான். தவறைக் கண்டுபிடித்தது யார் என்று எழுதவில்லை. எழுதலாமா என்று யோசித்துவிட்டுப் பேனாவை மூடிவிட்டான்.

கண்டுபிடித்தது அவன் மனைவி. கார் நிற்கும் கொட்டகையில் ஒரு பக்கம் மேஜைமேல், பழுது பார்க்கக் காரிலிருந்து இறக்கிய என்ஜின், மறுபக்கம் அவளுடைய தையல் மிஷின். காலர் தைத்துக்கொண்டிருந்தவள் நூலைப் பல்லால் கடித்தபடி எட்டிப் பார்த்து, "ஏங்க, மூணு வளையத்தோட வாயும் ஒரே பக்கம் இருக்கே. எல்லாத் தையலும் ஒரே இடத்துல வந்தா அங்கதானே பிரியும்?" என்றாள். மாலை வகுப்பில் ஆசிரியர் இதையே படம் போட்டு விளக்கியிருந்தார். அவன் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தான். அவளுக்கு அது ஒரு காலரிலிருந்து கிடைத்துவிட்டது.

வாரத்தில் மூன்று நாள், கிடங்கு வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்து அந்த வகுப்புக்கு ஓடியது இந்த ஒரு காருக்காகத்தான். ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை ஆர்டர் அவளுக்குக் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை முதல் மூட்டைகளை இந்தக் காரில்தான் கொண்டுபோக வேண்டும். என்ஜின் உறுமுகிற நாளில் அவள் வாசலில் நின்று தன்னை ஆச்சரியமாகப் பார்ப்பதை அவன் பஸ்ஸிலேயே பலமுறை கற்பனை செய்து வைத்திருந்தான்.

நடந்தது வேறு. பிஸ்டன் வளையங்களை அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லையென்று அவன் கடை கடையாக அலைந்து திரும்பியபோது, அவள் பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு பட்டை வெட்டி, கையைக் கிழிக்காதபடி ஓரத்தைப் புடவைத் தலைப்புபோல மடித்து அடித்து, ஹோஸ் கிளிப்பால் இறுக்கி வைத்திருந்தாள். வால்வைச் சுழற்றித் தேய்க்கப் பிடி வேண்டும் என்றான். குளியலறைச் சுவரில் உறிஞ்சி ஒட்டியிருந்த, துண்டு மாட்டும் ரப்பர் கொக்கியைப் பிடுங்கி வந்தாள். என்ஜினின் அடித்தட்டை ஒட்ட அவன் பிதுக்கிய சிலிக்கான் பேஸ்ட் மண்புழுபோல நெளிந்தது. துடைத்துவிட்டு அவள் போட்டது மிஷின் தையல்போல ஒரே சீராக ஓடியது. எல்லாம் சரியாக வந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

போதாக்குறைக்கு அவளுடைய அண்ணன். லாரி ஓட்டுகிறவர். தினமும் சாயங்காலம் வந்து முக்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

"வகுப்புக்கு உன்னை அனுப்பியிருக்கணும் பாப்பா. மாப்ள வாங்கின நோட்டுக் காகிதத்துல நாலு என்ஜினுக்கு கேஸ்கெட் வெட்டலாம்."

"சும்மா இரு அண்ணா."

"நான் என்ன பொய்யா சொல்றேன்? என்ன மாப்ள?"

அவனும் சிரிப்பான். சிரித்து முடித்ததும் தாடை வலிக்கும்.

சனிக்கிழமை மாலை மிச்சமிருந்தது ஆயில் பம்ப் மட்டும். மறுநாள் காலை அண்ணன் நாலு ஆளோடு வந்து என்ஜினைக் காருக்குள் தூக்கி வைப்பதாக ஏற்பாடு. பம்புக்கும் என்ஜினுக்கும் நடுவில் எண்ணெய் கசியாமல் வைக்கும் காகித கேஸ்கெட், வாங்கி வந்த செட்டில் இல்லை. அவள் தடித்த அட்டைக் காகிதத்தைப் பம்பின் முகத்தில் வைத்து, விரலில் எண்ணெய் தொட்டு அழுத்தி அச்செடுத்தாள். சட்டைத் துணியில் ஓட்டை போடும் உளியால் துளைகளைத் தட்டினாள். பத்து நிமிஷம். கத்தரி ஓரம் பிசிறில்லை.

"மாப்ள, கண்ணுல ஒத்திக்கலாம்போல இருக்கு. பாருங்க!" என்று அண்ணன் அதை அவன் கையில் கொடுத்தார்.

அவன் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து எண்ணினான். போல்ட்டுக்கு ஆறு. பெரிய துளை இரண்டு. எட்டு. ஒன்பது இருக்க வேண்டும். மறுபடி எண்ணினான். வால்வுகளுக்கு எண்ணெய் ஏற்றுகிற சின்னத் துளையைக் காணோம். பம்பைப் பார்த்தான். அந்த இடத்தில் பழைய பேஸ்ட் இறுகி, துளை இருந்த சுவடே தெரியாமல் மட்டமாக அடைத்திருந்தது. அச்சில் எப்படி விழும்? இப்படியே மாட்டினால் என்ஜின் கிளம்பும். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் மேல்பாகம் எண்ணெயில்லாமல் காய்ந்து கடித்துப் பிடித்துக்கொள்ளும்.

வாயைத் திறந்தான்.

"என்ன மாப்ள, நோட்டுல இந்தப் பக்கம் இல்லையா?" என்றார் அண்ணன்.

வாய் மூடிக்கொண்டது. நாளைக்கு இவர் கூட்டிவரும் நாலு பேருக்கு முன்னால் சொன்னால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. தோன்றியதில் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. கேஸ்கெட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்தான். அவள் இரண்டு பக்கமும் பேஸ்ட்டைச் சவ்வுபோலத் தடவி ஒட்டினாள். அவன் ஆறு போல்ட்டையும் வகுப்பில் சொன்ன வரிசையில், எதிரெதிராக, மூன்று சுற்றாக இறுக்கினான்.

அண்ணன் போன பிறகு அவள் சோப்புத்தூள் போட்டுக் கையைத் தேய்த்தபடி கேட்டாள்: "துளையெல்லாம் எண்ணிப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"அப்பச் சரி. எனக்கு வெட்டத்தான் தெரியும். எந்தத் துளை எதுக்குன்னு நீங்கதான் சொல்லணும். அண்ணன் பேச்சையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க, அதுக்கு வாய்தான்."

அவன் சமையலறை மேஜையில் நோட்டை விரித்தான். பார்த்தேன் என்று சொன்னதில் பொய் இல்லை. அதுதான் உறுத்தியது. இன்றைய பக்கத்தில் ஒன்றும் எழுத வரவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.

"பிப்ரவரி 9, ஞாயிறு. செய்ய வேண்டியது: பம்பின் ஆறு போல்ட்டையும் கழற்றுவது. அடைப்பைக் கம்பியால் குத்தி எடுத்து ஊதுவது. காகிதத்தில் ஒன்பதாவது துளை போடுவது. மச்சான் வருவதற்குள் திரும்ப மாட்டுவது."

படித்துப் பார்த்தான். விடியலில் தனியாகச் செய்து முடித்தால் யாருக்கும் தெரியாது. அவளுடைய பிசகும் தெரியாது, தான் வாயை மூடிக்கொண்டதும் தெரியாது. கொட்டகையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடைசிச் சீருடைகள். சத்தம் சட்டென்று நின்றது. பாபினில் நூல் தீர்ந்திருக்கும். சற்றுப் பொறுத்து மறுபடி ஓடியது.

பட்டியலின் முதல் வரிக்கு மேலே விரலளவு இடம் இருந்தது. பேனாவைச் சாய்த்து, பொடி எழுத்தில் நுழைத்து எழுதினான்:

"ஐந்தரை மணிக்கு அவளை எழுப்பிச் சொல்வது."