இசெனோவின் வில்லை

கோவிலுக்குப் பின்னால், எரிமேடைக் குழியில் ஏழு பெண்கள் குந்தியிருந்து சாம்பல் சலித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு அரிசிச் சல்லடை. நான்கு நாட்களுக்கு முன் இசெனோவை அங்கேதான் எரித்தார்கள். எலும்புகளை மகள் கிமியேவும் அவள் அப்பாவும் குச்சிகளால் பொறுக்கி ஜாடியில் வைத்தாயிற்று. இப்போது தேடுவது அவளுடைய பித்தளை வில்லையை. கரும்புத் தோட்டத்தில் ஒவ்வொரு ஆளின் கழுத்திலும் தொங்கும் எண் அது. இசெனோவின் எண் 4217.

வினை அந்த ஏழு பேரில் ஒருத்தியான ஹாட்சுவால் வந்தது. செத்தவர்கள் மறுவுலக ஆற்றைக் கடக்கச் சவப்பெட்டியில் ஆறு காசு வைப்பது வழக்கம். காசோடு வில்லையையும் வைத்துவிட்டாள்.

"பில்லையக் காட்டாம இந்தத் தோட்டத்துல உப்புகூடத் தரமாட்டான். ஓடக்காரன் மட்டும் ஏத்திக்குவானான்னு நினைச்சேன்" என்று மூக்கை உறிஞ்சினாள் ஹாட்சு.

"நல்லா நினைச்சே போ" என்றாள் தொமே. "நாளைக் காலையில பில்லை ஆபீசுக்கு வரணுமாம். அதை மாட்டிக்கிட்டு வேலைக்கு இறங்க வீட்டுல ஒரு ஆளும் வேணுமாம். இல்லேன்னா தோட்டத்து வீட்டைக் காலி பண்ணுங்கன்னுட்டான் குமாஸ்தா."

அப்பாவின் வலது கை பல வருஷங்களுக்கு முன்பே ஆலை உருளையில் போய்விட்டது. அதோடு அவருடைய எண்ணும் போயிற்று. வீட்டில் மிச்சமிருக்கும் ஆள் கிமியேதான். அவள் சட்டைப் பையில், ஹொனலூலு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்த கடிதம் நாலாக மடிந்து கிடந்தது. 'செப்டம்பர்ல நீ இங்க இருக்கக் கூடாது' என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வேலைநிறுத்தத்துல நம்மளை வீட்டை விட்டுத் துரத்தினப்போ, இதே சல்லடையிலதான் இசெனோ அரிசி சலிச்சா. முந்நூறு பேருக்குச் சோறு" என்றாள் தொமே.

"எனக்குப் பாதி உருண்டைதான் குடுத்தா" என்றாள் எதிரே இருந்த ஒருத்தி.

"உனக்குப் பாதி. உன் வயித்துல இருந்த பிள்ளைக்கு முழுசா ஒண்ணு. ரெண்டையும் நீதானேடி முழுங்கினே!"

எல்லோரும் சிரித்தார்கள். சாம்பல் பறந்து தும்மலும் வந்தது.

"பெத்த மூணாம் நாளே என்னை மண்வெட்டி எடுக்கச் சொன்னான் மேஸ்திரி" என்றாள் அந்தப் பாதி உருண்டைக்காரியே, சிரிப்பு அடங்கியதும். "இசெனோதான் முப்பது பொம்பளைங்களைக் கூட்டிட்டுப் போய் ஆபீஸ் வாசல்ல உக்காந்துட்டா. ஒரு மாசம் லீவு வாங்கிட்டுத்தான் எழுந்திரிச்சா."

"நான் கப்பல்ல வந்து இறங்கினப்போ, போட்டோவுல மட்டும் பார்த்த மாப்பிள்ளை துறைமுகத்துல கிழவனா நின்னான். நான் ஓன்னு அழுதேன்" என்றாள் ஹாட்சு. "'அழுது முடிச்சிட்டு வா, வெந்நீர் போட்டிருக்கேன்'னா இசெனோ. முன்னே பின்னே தெரியாதவ."

கிமியேவின் விரலில் ஏதோ தட்டியது. வட்டமாக இருந்தது, ஓரத்தில் ஒரு துளை. அவள் கையை மூடிக்கொண்டாள்.

யாரும் பார்க்கவில்லை. கையைப் பைக்குள் விட்டால் போதும், கடிதத்தோடு அதுவும் கிடக்கும். கிடைக்கவே கூடாது என்றுதான் காலையிலிருந்து அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். அதற்காக வெட்கமும் பட்டாள். கிளம்பும்போது அப்பா பாத்திரங்களைச் சாக்கில் போட்டு, ஒற்றைக் கையால் கட்ட வராமல், கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். மூட்டை கட்டினாலும் அவருக்குப் போக இடம் இல்லை.

"கிடைச்சிருச்சு" என்றாள் கிமியே.

பெண்கள் கைதட்டிக் கூவினார்கள். ஹாட்சு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உங்கம்மா காப்பாத்திட்டாடி!" அந்தச் சந்தோஷத்தைக் கிமியேவால் தாங்க முடியவில்லை. எல்லோரையும் அடித்து விரட்ட வேண்டும் போலிருந்தது.

மறுநாள் விடியலில் ஆபீஸ் ஜன்னலில் குமாஸ்தா வில்லையை வாங்கினான். கட்டை விரல் நகத்தால் கரியைச் சுரண்டி எண்ணைப் பார்த்தான். பெரிய நோட்டைத் திறந்து, அந்த எண்ணைத் தேடிப் பிடித்து, மூடிவிட்டு வில்லையைத் திருப்பித் தந்தான்.

"சரி, போ."

"அம்மா பேரை அடிச்சிட்டு என் பேரை எழுத வேணாமா?"

"இதுல யார் பேரும்மா இருக்கு? நம்பர் இருக்கு, ஆள் இருக்கு. மண்வெட்டி அந்தப் பக்கம்."

புதுக் கயிற்றில் கோத்து மாட்டிக்கொண்டாள். வரிசையில் அவளுக்கு இடம் காலியாகத்தான் இருந்தது. மேஸ்திரி குதிரை மேலிருந்து கூப்பிட்டுக்கொண்டே வந்தான்.

"4217!"

ஹாட்சு பழக்கத்தில் திரும்பி இசெனோவைத் தேடினாள்.

"இருக்கேன்" என்றாள் கிமியே.