கைமாறிய ஞாயிற்றுக்கிழமை

மார்ச்சு மாதம் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்றைய பகல் அவளுக்கு உரியது. அதை அவளிடமிருந்து பறித்தவர்கள் திருடர்களும் அல்லர், பகைவர்களும் அல்லர். அவளை வாய் நிறைய 'அண்ணி' என்று அழைக்கும் நண்பர்கள். குறை இவ்வளவுதான். இதற்கு ஒரு கதை வேண்டுமா என்று கேட்பவர்கள், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக மாதக்கணக்கில் காத்திருந்து பார்த்தவர்களாக இருக்க முடியாது.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை பார்த்தாள். வில்லைகளைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது அவள் பணி. மயிரிழை பிசகினாலும் வில்லை சட்டத்தில் உட்காராது. அடம்பிடித்து உட்கார வைத்தால் விளிம்பில் கீறல் விழும். இப்படி அளந்து அளந்தே பழகிய கைக்கு, எதையும் அளக்காத ஒருவன் கணவனாக வாய்த்தான். அவன் நீரேற்று நிலையத்தில் மோட்டார்களை இயக்குபவன். யார் எதைக் கேட்டாலும் 'சரி' என்பான். எப்போது, எதற்கு, எவ்வளவு நேரம் என்னும் கேள்விகள் அவன் வாயில் பிறந்ததே இல்லை. ஆகவே நிலையத்தில் அவனுக்குச் 'சரியண்ணன்' என்று பெயர் விழுந்தது. பெற்றோர் வைத்த பெயரை அங்கே யாரும் கேட்டறிந்ததாகத் தெரியவில்லை.

முன்பு நிலையத்தில் ஒரு நாளை மூன்றாகப் பகுத்து வேலை பார்த்தார்கள். அப்போதாவது கணவனும் மனைவியும் ஒரே விளக்கின் கீழ் அமர்ந்து உண்ண முடிந்தது. புதிதாக வந்த பொறியாளர் நாளை இரண்டாக வெட்டினார்: பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர். ஓய்வு நாளோ வாரத்துக்கு வாரம் நகர்ந்துகொண்டே போகும். கண்ணாடிக் கடைக்கு ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை, அது நகராது. நகரும் ஓய்வும் நகராத ஞாயிறும் கோடைமழை போல எப்போதாவது சந்தித்தன. சந்தித்தபோதும் யாராவது ஒருவன் வந்து, "அண்ணே, இன்னைக்கு மட்டும்" என்று தலையைச் சொறிவான். அண்ணனும் சரி என்பான். வாசலில் நின்று வீட்டுச் சாவியைக் கைமாற்றிக்கொள்வதே இல்லறம் என்றாகிவிட்டது.

கைமாற்றுதல் என்பது அந்த நிலையத்தின் சொல். அடுத்த ஆள் நேரில் வந்து பொறுப்பை ஏற்றுக்கொள்ளாமல், வேலையில் இருப்பவன் வாசலைத் தாண்டக்கூடாது. எத்தனை பொறியாளர்கள் மாறினாலும் இந்த விதி மட்டும் மாறியதில்லை.

அந்த வாரத் தொடக்கத்தில் அவள் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை ஏரிக்குப் போறோம். நாம ரெண்டு பேர் மட்டும்."

"சரி."

"சரின்னு சொல்லாதீங்க. நீங்க சரின்னாலே எனக்குச் சந்தேகம் வந்துடுது. அன்னைக்கு உங்களுக்குப் பகல் ஷிஃப்ட். யார் தலையில கட்டினீங்கன்னு வந்து சொல்லுங்க, அப்புறம் நம்புறேன்."

"சொல்றேன்."

"இந்த ஞாயிறும் போச்சுன்னா, இனிமே வெளிய கூட்டிட்டுப் போங்கன்னு உங்ககிட்டக் கேக்க மாட்டேன். கோபத்துல சொல்லல. கேட்டுக் கேட்டு எனக்கே சலிச்சுப் போச்சு."

கோபத்தில் சொல்லியிருந்தால் அவன் பயந்திருக்க மாட்டான். சட்டத்துக்கு வில்லை பொருந்துமா என்று பார்க்கும் அதே கண்ணோடு சொன்னாள், அதனால் பயந்தான். மறுநாளே வந்து, பகல் ஷிஃப்ட்டைச் சுருட்டையிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். சுருட்டை என்பவன் அவனையும் சேர்த்து அங்கே வேலை பார்க்கும் நால்வரில் இளையவன். தலைமுடியால் பெயர் பெற்றவன். மணமாகாதவன், அவனுக்கு ஞாயிறும் செவ்வாயும் ஒன்றே. அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பொருந்தியது.

ஞாயிறு காலை. கிளம்பும்போது அவள் கணவனின் கைப்பேசியை வாங்கி அணைத்து, துண்டில் சுற்றிப் பையின் அடியில் திணித்தாள். "யாராச்சும் கூப்பிட்டா?" என்றான் அவன். "அதுக்குத்தான்" என்றாள்.

ஏரிக்கரையில் மரத்தடியில் விரிப்பை விரித்தார்கள். ரொட்டி, அவித்த முட்டை, வெள்ளரித் துண்டுகள், ஆரஞ்சுப் பழம், குடுவையில் தேநீர் எல்லாம் இரண்டு பேருக்குச் சற்றுக் கூடுதலாகவே இருந்தன. காற்று நன்றாக இருந்தது. அவன் ஏரியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மட்டம் இறங்கியிருக்கு" என்றான்.

"தண்ணியைப் பாக்காதீங்க. என்னைப் பாருங்க."

அவன் பார்த்தான். வெட்கப்பட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு முடிவதற்குள், "அண்ணி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சுருட்டை.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்பா, நீ ஷிஃப்ட்ல இல்ல?"

"அதை நெட்டையண்ணன் தலையில கட்டிட்டேன் அண்ணி. நீங்க ரெண்டு பேரும் ஏரிக்குப் போறீங்கன்னு தெரிஞ்சதும் எனக்கு ரூம்ல இருப்புக் கொள்ளல. சிநேகிதன் ஒருத்தன் இந்தப் பக்கம் வந்தான், தொத்திக்கிட்டு வந்துட்டேன்."

"ரெண்டு பேரும்னு தெரிஞ்சுமா வந்தே?"

"நானும் இருந்தா கலகலன்னு இருக்கும்ல?" என்று சொல்லிக்கொண்டே விரிப்பில் அமர்ந்து முட்டை ஒன்றை எடுத்து உடைத்தான். கேட்டானா என்றால், இல்லை. அவள் கணவனைப் பார்த்தாள். அவன் உப்பை நகர்த்தி வைத்தான்.

போகட்டும், ஒருவன்தானே என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டு மூன்றானால் வானம் இடிந்து விழாது. ஆனால் மூன்று மூன்றாகவே நிற்கவும் இல்லை. சற்று நேரத்தில் ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவன் நெட்டை, நால்வரில் இன்னொருவன். பின்னால் அவன் மனைவி. நெட்டை தலைக்கவசத்தைப் பாதி கழற்றியவன், சரியண்ணனைக் கண்டதும் கழற்றிய பாதியோடு அப்படியே நின்றான்.

"அண்ணே! நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"ஏன்? ஏரிக்கு வந்தோம்."

"இன்னைக்குப் பகல் நீங்கதானே பாக்கறேன்னு சொன்னீங்க?"

"நானா?"

"வியாழக்கிழமை நீங்க கை கழுவிக்கிட்டு நின்னீங்க. 'ஞாயிறு பகல் ஒண்ணு என் தலையில விழுந்திருக்கு, பாத்துக்கறீங்களா அண்ணே'ன்னு கேட்டேன். 'சரி'ன்னீங்களே!"

சரியண்ணன் வாயைத் திறந்து, மூடி, மீண்டும் திறந்தான். "நான் அடுத்த ஞாயிறுன்னு நெனச்சேன்."

"எந்த ஞாயிறுன்னு நீங்க கேக்கல?" இதைக் கேட்டவள் அவன் மனைவி.

"அவனும் சொல்லல..."

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கணவன் தன் பகலைச் சுருட்டைக்குக் கொடுத்தான். சுருட்டை தானும் ஏரிக்கு வர ஆசைப்பட்டு அதை நெட்டைக்குத் தள்ளினான். 'சுருட்டை ஏரிக்குப் போகிறானாம், நாம் போனால் என்ன?' என்று நெட்டையின் மனைவி கேட்க, நெட்டை அதே பகலை, கேட்டால் மறுக்காத ஒரே மனிதனிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். சுற்றிச் சுற்றிச் சுப்பன் கொல்லை! அது தன்னுடைய பகல்தான் என்று கூட அறியாமல் கணவன் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டான். உலகத்தில் வேறு எந்த நிலையத்தில், வேறு எந்த மனிதனுக்கு இது நடக்கும்?

"சரி, இப்ப அங்க யார் இருக்கறது?" என்றாள்.

சுருட்டையின் வாயில் முட்டை நின்றது. "உம்மணாமூஞ்சி" என்றான் கணவன் மெல்ல. முந்திய இரவு ஷிஃப்ட் பார்த்த நான்காவது ஆள் அவர். யாரோடும் பேசாதவர், எவரோடும் சேராதவர்.

பையின் அடியிலிருந்து துண்டு வெளியே வந்தது. கைப்பேசியை உயிர்ப்பித்த உடனே அது அலறியது. அவளே எடுத்தாள்.

"யாரு?"

"அவரோட வீட்டுக்காரி பேசறேங்க."

"நேத்துச் சாயங்காலம் வந்தவன் நான். இன்னும் நிக்கறேன். மோட்டாரை நிறுத்திட்டுப் போனா பாதி ஊருக்குக் குழாய்ல காத்துதான் வரும். நான் போகவா, இருக்கவா? அதை மட்டும் கேட்டுச் சொல்லும்மா."

துண்டித்துவிட்டார். கைப்பேசியை ஒளித்து வைத்தது தன் கைதானே என்னும் எண்ணம் அவளைச் சுருக்கென்று குத்தியது. அதனால் கோபம் தணிந்தது என்று யாரும் நினைக்க வேண்டா, கூடியது.

பிறகு விரிப்பைச் சுற்றி ஒரு வழக்கு நடந்தது. அந்தப் பகல் யாருடையது?

"நான் கைமாத்திட்டேன்" என்றான் சுருட்டை.

"நானும் மாத்திட்டேன்" என்றான் நெட்டை.

"வெக்கமா இல்ல உங்களுக்கு? நீங்க கிளம்புங்க" என்று நெட்டையின் மனைவி அவனை இடித்தாள்.

"எனக்கு இன்னைக்கு ராத்திரி ஷிஃப்ட் இருக்குடி. பகலையும் பாத்து ராத்திரியும் பாத்துச் சாகவா?"

"அப்போ நீ போ" என்றாள் சரியண்ணனின் மனைவி சுருட்டையிடம். "முதல்ல வாங்கினவன் நீதானே."

"போவேன் அண்ணி, சத்தியமா. ஆனா பஸ்ல போய்ச் சேர மத்தியானம் ஆயிடும். எனக்கு வண்டியும் ஓட்டத் தெரியாது." அவன் இழுத்தான். "அது மொதல்ல அண்ணனோட ஷிஃப்ட்தானே..."

ஆளுக்கு ஒரு நியாயம். எல்லா நியாயங்களும் ஒரே தலையில் வந்து இறங்கின. கணவன் எழுந்து செருப்பைத் தேடினான்.

"அவங்க சொன்னாங்கன்னா போறீங்க?" என்றாள் அவள்.

"இல்ல. அந்த மனுஷன் ராத்திரி முழுக்க நின்னிருக்காரு. இப்பவும் நிக்கறாரு. அதை நெனச்சுக்கிட்டு இங்க உக்காந்து ஆரஞ்சு உரிக்க முடியுமா?"

அவன் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததே அவள் எரிச்சலை இருமடங்காக்கியது. மளமளவென்று டப்பாக்களை மூடினாள். ரொட்டி, பழம், குடுவை எல்லாம் பைக்குள் போயின.

"அக்கா, அந்த முட்டையாவது..." என்றாள் நெட்டையின் மனைவி.

"முட்டைக்கும் இன்னைக்குப் பகல் ஷிஃப்ட்" என்றாள் அவள்.

சுருட்டை அமர்ந்திருந்த விரிப்பையும் உருவினாள். அவன் புல்லில் உருண்டான். நெட்டையின் முன் கையை நீட்டினாள். "வண்டிச் சாவி."

"அண்ணி, நாங்க எப்படித் திரும்பறது?"

"பஸ் இருக்கு. நாங்க அதுலதான் வந்தோம்."

நிலையத்தில் உம்மணாமூஞ்சி வாசலை நோக்கியே நின்றிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. பொறுப்பை ஒப்படைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். அவள் ஒரு டப்பாவை நீட்டினாள். திறந்து பார்த்தார்.

"உப்பு இருக்கா?"

கொடுத்தாள். வாங்கிக்கொண்டு, கணவனைக் காட்டிச் சொன்னார்: "இந்த ஆள்கிட்ட இதுவரைக்கும் ஒரு ஷிஃப்ட்கூடக் கேக்காதவன் நான் ஒருத்தன்தாம்மா. அதுக்குத்தான் எனக்கு இந்தப் பேரு." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

மோட்டார்களின் இரைச்சலில் சுவர்கள் அதிர்ந்தன. இருவரும் கட்டுப்பாட்டுப் பலகையின் அருகே விரிப்பைப் போட்டு உண்டார்கள். அவள் ஏதோ சொன்னாள். "என்ன?" என்று கத்தினான். "ஒண்ணுமில்ல!" என்று கத்தினாள். ஒண்ணுமில்லை என்பதையும் கத்திச் சொல்ல வேண்டியிருந்த உலா அது. அவன் ஆரஞ்சை உரித்து, கொட்டை நீக்கி, சுளை சுளையாக அவள் பக்கம் வைத்துக்கொண்டிருந்தான். மன்னிப்பு என்று அவனுக்குத் தெரிந்தது அதுதான்.

பிற்பகலில் கைப்பேசி அடித்தது. வாசல் பக்கம் போய் ஒலிபெருக்கியில் போட்டான். நெட்டை.

"அண்ணே, பஸ் ஒண்ணும் வரல. வண்டி வேற உங்ககிட்ட இருக்கு. வீட்டுக்குப் போய்ச் சேந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு வரணும். ராத்திரியும் கொஞ்ச நேரம் நீங்களே பாத்துக்கறீங்களா?"

அவள் எழுந்து வந்து எதிரே நின்றாள். ஏரிக்கரைக்கு இனிக் கூப்பிடுவாளா, மாட்டாளா என்பது அவன் வாய்க்கும் கைப்பேசிக்கும் இடையே நின்றது. அதை அவனும் அறிவான். அவன் நெற்றி வியர்த்தது.

"கேட்டுட்டுச் சொல்றேன்" என்றான்.

"யாரைக் கேட்டு?" என்று நெட்டையும் அவளும் ஒரே குரலில் கேட்டார்கள்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் தலையை இடமும் வலமும் அசைத்தாள்.

"முடியாதாம்."

மறுமுனையில் நெட்டை, "அண்ணியா? அப்ப சரி, அப்ப சரி. நேரத்துக்கு வந்துடறேன்" என்று வைத்துவிட்டான்.

முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. முடியாதாம் என்று சொல்ல வந்தது. இதற்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் அவள் நின்றாள். ஏரி போயிற்று, மாலை மட்டும் கிடைத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். ஆனால் கணவனை நம்பி அல்ல, தன் தலையசைப்பை நம்பி. மறுநாளே நிலையத்தில், "அண்ணி ரொம்பக் கறாருப்பா" என்று பேச்சு எழுந்தது. அண்ணன் நல்லவர், அண்ணி கறார். ஞாயிற்றுக்கிழமையைத் தின்றவர்கள் வைத்த பெயர் இது.

அவன் திருந்துவான் என்று யாரும் காத்திருக்க வேண்டா. அத்தகையவர்கள் திருந்துவதில்லை. திருந்த வேண்டியவர் நீங்கள். உங்கள் பணியிடத்திலும் ஒருவர் இருப்பார். கேட்டால் மறுக்கமாட்டார் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த வாரமும் அவரைத்தான் கேட்க நினைத்திருக்கிறீர்கள். கேட்காதீர்கள். உங்கள் வேலையை நீங்களே போய்ப் பாருங்கள்.