வாயு மூலை விருந்தாளிகள்

சரவணம்பட்டியில் வீடு கட்டியபோது, வாஸ்துக்காரர் சொன்னார் என்று ராமாமணி செப்டிக் டேங்க்கை வாயு மூலையில் வைத்தார். மூலை அவருக்கு, வாயு பக்கத்து வீட்டுக் காளிச்சாமிக்கு. போர்ட்டிகோ பளபளவென்று இருக்கவேண்டும் என்று டேங்க் மூடியின் மேலேயே டைல்ஸும் ஒட்டியாயிற்று. கழிவுநீர் லாரி வந்தாலும் எங்கே உறிஞ்சுவது?

பிறகு தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்தது. "டைல்ஸ் உடைச்சாலும் பரவால்ல, கனெக்‌ஷன் குடுத்துபோடலாம்மா," என்றாள் மகள் பிரவீனா. ராமாமணி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

டேங்க் எத்தனை நாள் பொறுக்கும்? சுவரோரம் கசிந்து, பள்ளத்தில் இருந்த காளிச்சாமி வாசலில் போய்த் தேங்கியது. அவரோ கொங்குநாட்டு மரியாதை மொத்தத்தையும் குத்தகைக்கு எடுத்தவர். கொசுவைக்கூட 'போங்க' என்றுதான் விரட்டுவார். பீத்தண்ணி என்று ஒரு பெண்பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்ல அவரால் ஆகுமா?

"உங்கூட்டுத் தண்ணி எங்கூட்டுப் பக்கம் எட்டிப் பாக்குதுங்க," என்பார்.

"அப்படீங்களா, சந்தோசமுங்க," என்று ராமாமணி நழுவிவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பல்லடத்திலிருந்து பிரவீனாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. போனில் பேசியே பிரவீனாவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிருந்தது. ராமாமணிக்கோ அந்தக் குடும்பத்தையே பிடித்திருந்தது. இந்த இடம் தவறினால் மனசு ஆறாது. காலையிலிருந்து குளியல், சமையல், பாத்திரம் என்று வீட்டுக் குழாய்கள் ஓயவே இல்லை.

காளிச்சாமி கேட்டருகே வந்து தொண்டையைச் செருமினார். "ஏனுங்க அம்மணி, உங்கூட்டு விருந்தாளிங்க எங்கூட்டு வாசல்ல வந்து நிக்கறாங்க."

ஐயோ, வீடு மாறிப் போய்விட்டார்கள் போலிருக்கிறதே. ராமாமணி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சந்தனக் கிண்ணத்தோடு ஓடினார். "வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க," என்று அன்பு பொங்க அழைத்துக்கொண்டே போனவரின் கால் கணுக்கால்வரை இறங்கியது. அங்கே பொங்கியது அன்பு மட்டுமல்ல.

அந்த நேரம் பார்த்துத்தான் பல்லடத்துக் கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா குழந்தையம்மாள் இறங்கி, ராமாமணியின் காலை ஒருமுறை பார்த்தார். மூக்கைப் பொத்தவில்லை, பெரிய மனுஷி. உள்ளே வந்து உட்கார்ந்தார், காப்பியை ஒரு வாய் குடித்தார், பிரவீனாவிடம் நாலு வார்த்தை நன்றாகவே பேசினார். கிளம்பும்போது கைகூப்பினார்.

"ஊடு ரொம்ப நல்லாருக்குதுங்க. கலந்து பேசிட்டுச் சொல்லியுடறமுங்க."

இந்த மரியாதைக்கு என்ன அர்த்தம் என்று கொங்குநாட்டில் யாரும் யாரையும் கேட்பதில்லை. பிரவீனா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ராமாமணிக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. சந்தோசமுங்க, சந்தோசமுங்க என்று சொல்லிச் சொல்லியே மகளின் சந்தோசத்தைக் கெடுத்தாயிற்று. டைல்ஸ் மட்டும் வெட்கமில்லாமல் மினுங்கிக்கொண்டிருந்தது.

மதில்சுவரோரம் போய் எட்டிப் பார்த்தார்.

"காளிச்சாமியண்ணா, கடப்பாரை இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க அம்மணி," என்றார் காளிச்சாமி. "போன ஆடி மாசமே எடுத்து வெச்சுபோட்டனுங்க. நீங்களா கேக்கட்டும்னு இருந்தனுங்க."