புளி போட்டுத் தேய்த்த போல்ட்டுகள்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மத்தியானம், ஆதிலட்சுமி கல்யாணமான இந்த ஆறு வருஷத்தில் முதல் தடவையாகப் புருஷனுடைய பிஸ்கட் டின்னைத் திறந்தாள்.

விமானப் படையில் பதினைந்து வருஷம் ஃபிட்டராக இருந்துவிட்டு வந்த தசரதன், வேங்கிக்காலில் வீட்டை ஒட்டி ஒரு பட்டறை வைத்துப் பம்ப்செட் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அது வயிற்றுப் பாட்டுக்கு. பட்டறையின் பின்பாதியில், தார்ப்பாய்க்கு அடியில், ஒரே ஆள் உட்காரும் குட்டி விமானம் ஒன்று நின்றது. மரச்சட்டமும் துணியுமாக அவன் கையாலேயே கட்டியது. இன்னும் பத்து நாளில் பெங்களூரிலிருந்து ஓர் அதிகாரி பார்க்க வருகிறார். அவர் சரி என்று சொல்லிவிட்டால், ஊருக்கு வெளியே இருக்கும் பொட்டலிலிருந்து தசரதன் அதை ஓட்டிக்கொண்டு மேலே போவான்.

மேலே போவான் என்று நினைக்கும்போதெல்லாம் ஆதிலட்சுமி, பத்திரமாக இறங்குவானா என்று பயந்தாள். அவனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அவ்வளவு ஆசையாக இருப்பவனிடம் எப்படிச் சொல்வது?

“என்னாடி ஆதி, உன் சக்களத்திக்கும் நாளைக்குப் பூஜை உண்டா?” வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை விமானத்தைக் கை காட்டிக் குரல் கொடுத்தாள்.

“ஏன் இல்ல? எனக்குத்தான் புதுப்புடவை எடுக்கல. அவளுக்கு உடம்பு பூரா புதுத்துணி போர்த்தியாச்சே!”

டின்னுக்குள் பத்து போல்ட்டுகள் இருந்தன. அவை எதற்கு என்று அவளுக்குத் தெரியும். சாப்பிடும்போது அவன் வேறு எதைப் பேசினான்?

“கையில பிடிக்கிற கோல இழுத்தா வால்ல இருக்கிற பலகை தூக்கணும் ஆதி. நடுவுல அத்தனை மூட்டு. ஒரு மூட்டுல போல்ட் போச்சுன்னா ஆளே போயிட்டான். அசையாத இடத்துக்கு நைலான் வெச்ச நட்டு போதும். திரும்பித் திரும்பி ஆடுற மூட்டுக்கு அது ஆகாது, கழண்டுக்கும். போல்ட்டுல ஓட்டை இருக்கணும், நட்டுல பல்லு இருக்கணும், ரெண்டையும் சேர்த்து காட்டர் பின்னுன்னு ரெண்டு கால் கம்பி ஒண்ணைக் குத்தி, காலை மடக்கணும்.”

“ரசத்துல உப்பு இருக்கா இல்லையான்னு ஒரு நாளாவது இப்படிப் பார்த்திருக்கீங்களா?”

பத்தில் ஆறு, ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவை. மீதி நான்கை மெட்ராஸில் பழைய சாமான் கடை ஒன்றில் தசரதன் தேடிப் பிடித்து வாங்கியிருந்தான். எல்லாமே மங்கின மஞ்சள் நிறம். ஆதிலட்சுமி அதைக் களிம்பேறின பித்தளை என்றே நினைத்தாள். குத்துவிளக்குக்குக் கரைத்த புளி பக்கத்திலேயே இருந்தது. தசரதன் வெல்டிங் வேலையாக வேலூர் போயிருந்தான். வருவதற்குள் பளபளவென்று ஆக்கி வைத்தால் சந்தோஷப்படுவான். அவன் உயிரைத் தாங்கப் போகிற சாமான்களுக்குத் தன்னால் ஆனது அதுதான் என்று தோன்றியது.

தேய்த்தாள். பளபளப்பு வரவில்லை. ஆறு போல்ட்டுகள் வெளிறிச் சாம்பல் நிறமாயின. மீதி நான்கிலும் மஞ்சள், பிசுபிசுவென்று வழிந்து விரலில் ஒட்டியது. பயந்துபோய் எல்லாவற்றையும் கழுவி முறத்தில் வெயிலில் வைத்தாள். சாயங்காலத்துக்குள் அந்த நான்கிலும் செம்மண் பொட்டு வைத்தாற்போல் துரு புள்ளி புள்ளியாகப் பூத்துவிட்டது.

தசரதன் வந்தான். முறத்தைப் பார்த்தான்.

“என்னா போட்டுத் தேய்ச்ச?”

“புளி…”

அடுத்த நொடி அவள் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினான். அவளுடைய இரண்டு கைகளுக்கும் மூன்று தடவை சோப்புப் போட்டான்.

“அந்தப் பூச்சு விஷம் ஆதி. புளி பட்டா கரையும். இந்தக் கையோட எதனா சாப்பிட்டியா? வாயில வெச்சியா?”

“இல்லீங்க. நீங்க வரட்டும்னு சாப்பிடவே இல்ல.”

அவன் மூச்சு விட்டான். அதற்குப் பிறகுதான் போல்ட்டுகளின் பக்கமே திரும்பினான். ஆறு வருஷ உழைப்பு முறத்தில் கிடக்க, முதலில் தன் கையைக் கழுவிவிட்ட மனுஷனை ஆதிலட்சுமி ஈரக்கையோடு பார்த்துக்கொண்டே நின்றாள்.

துருப்பிடித்த ஒன்றை எடுத்து அவன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். நல்ல போல்ட்டுகளின் தலையில், விமானத்துக்கானது என்று காட்டும் சிலுவைக் குறி புடைத்து நின்றது. இதில் அரத்தால் கீறியிருந்தார்கள். இத்தனை நாளும் கீறலைப் பூச்சு மூடியிருந்தது. அவன் அதை மேஜையிலிருந்த வைஸ் இடுக்கியில் இறுக்கிச் சுத்தியலால் அடித்தான். மூன்றாவது அடிக்குப் படக்கென்று இரண்டாக உடைந்தது. வெள்ளைக்காரர் கொடுத்ததில் ஒன்றை இறுக்கி அதே மாதிரி அடித்தான். அது வளைந்தது, உடையவில்லை.

தசரதன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“உடைஞ்சது எங்க போடறதுக்கு வெச்சிருந்தேன் தெரியுமா? கோலுக்கு அடியில.”

ஆதிலட்சுமி அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பதினஞ்சு வருஷம் சர்வீஸ்ல இருந்தவன் நான். குறி இருக்குதான்னு பார்த்தேனே தவிர, குறியையே ஒருத்தன் வெட்டுவான்னு எனக்குத் தோணல. புளிக்குத் தோணியிருக்கு பாரு.”

“நல்லது ஆறையும் சேர்த்துக் கெடுத்துட்டேனே?”

“கெடுத்துட்டதான். பூச்சு போனதை நான் போட மாட்டேன்.” பொய் சொல்லித் தேற்ற அவனுக்கு எப்போதும் வராது. “போவட்டும். அதிகாரிக்கு அப்புறமா வாங்கன்னு எழுதிடலாம். நான் இருக்கேன் இல்ல?”

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பயம் எல்லாம் வெளியே வந்தது. ஆறு வருஷம் சொல்லாததை அன்றைக்குச் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டான்.

வெள்ளைக்காரருக்குக் கடிதம் போய், புது போல்ட்டுகள் மாசி மாதம்தான் வந்தன. ஒவ்வொன்றையும் அவளிடம் காட்டிவிட்டே மாட்டினான். கோலுக்கு அடியில் மாட்டும்போது அவளைக் கூப்பிட்டான்.

“போல்ட்டோட தலை மேல் பக்கமா இருக்கணும். நட்டு கழண்டு விழுந்தாலும் போல்ட் அதும்பாட்டுக்கு உக்காந்திருக்கும். பின்னை நீ குத்து.”

ஆதிலட்சுமி காட்டர் பின்னைக் குத்தி, அதன் இரண்டு கால்களையும் குறடால் மடக்கினாள்.

அதிகாரி குனிந்து, படுத்து, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பங்குனியில் ஒரு விடியற்காலை அந்தக் குட்டி விமானம் பொட்டலில் தடதடவென்று ஓடி எழும்பியது. மலைக்கு இந்தப் பக்கமாகவே ஒரு சுற்று சுற்றியது. பாஞ்சாலை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆதிலட்சுமி கண்ணை மூடவில்லை. அண்ணாமலையானை நினைத்தாள், வெள்ளைக்காரரை நினைத்தாள், தான் கரைத்த புளியைக் கூட நினைத்தாள்.

சக்கரம் தரையைத் தொட்டு நின்றதும் ஓடினாள். அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து கோலுக்கு அடியில் பார்த்தாள். மடக்கின கால்கள் மடக்கினபடியே இருந்தன.

“என்னாங்க ஆபீசரம்மா, பாஸா?” என்று அவன் சிரித்தான்.

“பாஸ்தான். இறங்குங்க, இட்லி ஆறுது.”